மானுக்கு இரங்கினால் காட்டுக்கு யார் இரங்குவது?

எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் கொள்ள வேண்டும் என்பது நாம் பாலர் வகுப்பிலிருந்தே கேட்டு வளர்ந்த அறம். அதிலே ஐயுறுவதற்கு எதுவுமில்லை. ஆனால் ஓர் உயிருக்குக் காட்டும் இரக்கம் வேறு பல உயிர்களுக்குக் கேடாய் முடியுமாயின், இரக்கமுள்ளவன் செய்ய வேண்டியது யாது? இந்த வினாவை எமது மேடைகளில் எவரும் அதிகம் எழுப்புவதில்லை. இதற்கு இலகுவான விடை இல்லை என்பதே காரணமாகலாம். ஆலய ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, இவ்வினாவையே எடுத்து அடியார்களுடன் சேர்ந்து சிந்திப்பது பயனுடைத்து எனக் கருதினேன்.

இதற்கு உதாரணமாக மானை எடுத்துக்கொள்கிறேன். பாம்பையோ எலியையோ எடுத்தால் எமது இரக்கம் தொடக்கத்திலேயே தடுமாறிவிடும். மானிடத்திலோ யாருக்கும் பகையில்லை. அதன் கண்ணைப் பார்த்தவர் எவரும் அதற்குத் தீங்கு நினைக்கமாட்டார். அப்படிப்பட்ட பிராணியே ஒரு பெருங்காட்டின் அழிவுக்குக் காரணமாகக்கூடும் என்றால், இரக்கம் பற்றிய எமது எண்ணத்தை நாம் மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆடும் வேப்பங்கன்றும்

மானுக்கும் காட்டுக்கும் உள்ள தொடர்பு எமது கிராமத்தவர்க்குப் புதியதல்ல. வீதியோரத்தில் ஒரு வேப்பங்கன்றை நட்டால், முதல் வேலையாகச் சுற்றிவர அலம்பல் கட்டி அடைக்கிறோம். ஆட்டுக்குப் பயந்துதான் அப்படிச் செய்கிறோம். ஆடு கெட்ட பிராணியல்ல. பசிக்கிறது, தின்கிறது. ஆனால் குருத்தைக் கடித்துவிட்டால் கன்று அந்த ஆண்டு வளராது. அடுத்த ஆண்டும் கடித்தால் அதே உயரத்தில் நிற்கும். சில ஆண்டுகளில் பட்டுப்போகும். ஏற்கனவே வளர்ந்து நிற்கும் பெரிய வேம்பை ஆடு ஒன்றும் செய்வதில்லை. ஆகவே காவலின்றி ஆடுகள் மலிந்த இடத்தில் முதிய மரங்கள் நிழல் தந்தபடி நிற்கும். அவற்றின் பிள்ளைகளை மட்டும் காணமுடியாது.

காட்டிலே மானுக்கும் மரத்துக்கும் இடையே நடப்பதும் இதுதான். மான்கள் அளவோடு இருக்கும்போது காட்டுக்கு அவற்றால் நன்மையே உண்டு. அவை புல்லை மேய்ந்து சிறு செடிகளுக்கு வெளிச்சம் விடுகின்றன, விதைகளைச் சுமந்து செல்கின்றன, மண்ணுக்கு எரு இடுகின்றன. அளவு மிஞ்சும்போதுதான் கேடு வருகிறது. முதலில் மானுக்குப் பிடித்த மரங்களின் நாற்றுக்கள் போகின்றன. பின்னர் மான் எட்டும் உயரம்வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு மீற்றர்வரை, காடு கத்தரித்தது போலாகிவிடுகிறது. பற்றைகளில் கூடுகட்டும் குருவிகள் இடமிழக்கின்றன. பூக்களை நம்பிய பூச்சிகள் குறைகின்றன. மூடிநின்ற செடிகள் போனதால் மழை மண்ணை அரித்துச் செல்கிறது. மான் தொடாத கசப்பும் நஞ்சும் முள்ளும் உள்ள செடிகளே அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பசி மேலும் கூடினால் மான் மரத்தின் பட்டையை உரிக்கிறது. இலையில் ஆக்கிய உணவு பட்டையின் உட்பகுதி வழியாகவே வேருக்கு இறங்குகிறது. பட்டையைச் சுற்றிவர உரித்துவிட்டால் நூறு ஆண்டு நின்ற மரமும் சாகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பட்டை உரிந்த மரம் கண்ணுக்குத் தெரியும். முளையிலேயே போன நாற்று எவர் கண்ணிலும் படுவதில்லை. வழிப்போக்கன் நிமிர்ந்து பார்த்தால் காடு பச்சையாகவே இருக்கும். பாட்டனும் பாட்டியும் மட்டும் வாழ்கின்ற வீடு போல அது. வீடு நிறைந்திருப்பதாகத் தோன்றும். அவர்களுக்குப் பின் விளக்கேற்ற யாருமில்லை என்பது காலம் சென்றபின்தான் தெரியும்.

யப்பானில் ஒரு கோயில் மான்கூட்டம்

இந்த வினாவைத் தெய்வநம்பிக்கையோடு சேர்த்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்துவரும் ஓர் ஊர் உண்டு. அது யப்பானின் பழைய தலைநகரங்களில் ஒன்றாகிய நாரா. அங்கே கசுகா என்னும் பெருங்கோயில் 768 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதெனக் கொள்ளப்படுகிறது. அத்தலத்துத் தெய்வங்களில் ஒருவர் தூரதேசத்திலிருந்து வெள்ளை மான் ஒன்றின்மேல் ஏறி அவ்விடத்து மலைக்கு எழுந்தருளினார் என்பது தலபுராணம். ஆகவே அவ்வூர் மான்கள் தெய்வத்தின் தூதர்களாயின. அவற்றைக் கொல்வது பெருங்குற்றமாயிற்று.

அந்தப் பக்தி எத்துணைக் கடுமையாயிருந்தது என்பதற்கு ஒரு கர்ணபரம்பரைக் கதை சொல்வர். கோயிற் பள்ளியில் எழுத்துப் பழகிக்கொண்டிருந்த சன்சாக்கு என்னும் சிறுவனின் கடதாசியை ஒரு மான் வந்து தின்றதாம். அவன் அதை விரட்டுவதற்காகக் கடதாசியின்மேல் வைத்திருந்த பாரத்தை எறிய, அது படாத இடத்தில் பட்டு மான் இறந்ததாம். அதற்குத் தண்டனையாகச் சிறுவனை இறந்த மானோடு சேர்த்துக் குழியிலிட்டுக் கல்லால் மூடினார்களாம். நாரா மக்கள் விடியற்காலையிலேயே எழுந்து, தம் வாசலில் மான் எதுவும் இறந்து கிடக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. இவை நடந்தனவோ இல்லையோ, மக்கள் இக்கதைகளை மறவாமல் சொல்லிவந்ததிலே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மானிடத்து வைத்த பக்தி குழந்தையிடத்து வைக்கவேண்டிய இரக்கத்தை விழுங்கிவிட்டது என்பதே அந்த எச்சரிக்கை.

காலம் மாறியது. இரண்டாம் உலகப் போரின் பஞ்சத்தில் நாரா மான்கள் உணவாகிப்போயின. 1945 ஆம் ஆண்டில் எஞ்சியவை 79 மாத்திரமே. பின்னர் மக்கள் மீண்டும் அவற்றைப் பேணத் தொடங்கினர். 1957 ஆம் ஆண்டில் அம்மான்கள் இயற்கை நினைவுச்சின்னமாக அரசினால் அறிவிக்கப்பட்டன. ஆண்டுதோறும் யூலை மாதத்தில் அவற்றைத் தலை எண்ணுகிறார்கள். 2024 ஆம் ஆண்டில் 1,325 மான்களும், 2025 ஆம் ஆண்டில் 1,465 மான்களும் பூங்காவில் இருந்தன. 79 ஆக இருந்த ஒரு கூட்டம் இவ்வாறு பெருகியது மனிதப் பரிவின் வெற்றி என்பதில் ஐயமில்லை.

கோயில் மானும் கோயில் காடும்

ஆனால் அதே கோயிலுக்குப் பின்னால் கசுகாயாமா என்னும் மலை இருக்கிறது. அந்த மலைக்காடும் புனிதமானது. 841 ஆம் ஆண்டிலேயே அங்கு மரம் தறிப்பதும் வேட்டையாடுவதும் தடைசெய்யப்பட்டன. ஒரு நகரத்தின் விளிம்பிலே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கோடரி தீண்டாத காடு நிலைத்திருப்பது அதிசயமே. 1998 ஆம் ஆண்டில் நாராவின் ஏனைய புராதனச் சின்னங்களோடு அக்காடும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கோடரிக்குத் தப்பிய அக்காடு மானின் பல்லுக்குத் தப்பவில்லை. அங்கு ஓக் இனப் பெருமரங்கள் நிற்கின்றன. அவற்றின் விதைகள் முளைக்கின்றன. முளைத்தவற்றை மான்கள் தின்றுவிடுகின்றன. அண்மைய ஆண்டுகளில் ஒருவகைச் சிறுவண்டு பரப்பும் நோயினால் முதிய ஓக் மரங்களும் பட்டு வருகின்றன. விழுந்த மரத்தின் இடத்தைப் பிடிக்க இளமரம் இல்லை. மான் உண்ணாத நகி என்னும் மரமும், அழகுக்காக நடப்பட்ட சீனத்து மரம் ஒன்றும் அவ்விடங்களில் பரவுகின்றன. பூங்காவிலே வளரும் சுணைச்செடி ஒன்று, வேறிடங்களில் உள்ள அதே இனத்தைவிடப் பல மடங்கு கூடுதலான சுணைமுட்களோடு வளர்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். முள் குறைந்தவற்றை மான் தின்றுவிட, முள் மிகுந்தவையே தலைமுறை தலைமுறையாக எஞ்சின. மென்மையான பிராணியின் பல் ஒரு செடியையே கொடியதாக்கிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

ஆகவே நாராவிலே இரண்டு புனிதங்கள் எதிரெதிரே நிற்கின்றன. மானைத் தொடாதே என்பது ஒரு கட்டளை. காட்டை அழியவிடாதே என்பது மற்றொரு கட்டளை. இரண்டும் ஒரே கோயிலின் பெயரால் வந்தவை. மனிதன் கைகட்டி நின்றால் முதலாவது நிறைவேறும், இரண்டாவது மெல்ல மெல்ல மீறப்படும்.

காணாமற்போன காவற்காரன்

முற்காலத்தில் இந்த முரண் இவ்வளவு பெரிதாக ஏன் தோன்றவில்லை? மலைகளிலே ஓநாய் இருந்தது. மானைத் தின்று வாழும் ஓநாயை மனிதன் வேட்டையாடினான். நாய்களிடமிருந்து தொற்றிய நோயும் அதை வருத்தியது. 1905 ஆம் ஆண்டில், அதே நாரா மாகாணத்தின் ஒரு மலைக்கிராமத்தில் கிடைத்த ஓநாயே யப்பானிய ஓநாயின் கடைசிச் சான்று. அதன் தோல் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது. மானை வாழவைக்கும் மாகாணத்திலேயே மானின் அளவைக் காத்த பிராணி முடிந்துபோனது சிந்திக்கற்பாலது.

ஓநாய்க்குப் பின் வேட்டைக்காரரும் குறைந்தனர். யப்பானில் 1970களில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் வேட்டை அனுமதி வைத்திருந்தனர். பிற்காலத்தில் அத்தொகை பாதிக்கும் கீழாயிற்று. மலைக்கிராமங்களை விட்டு இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள். பெண்மானைச் சுடக்கூடாதென்று போருக்குப் பின் விதித்த தடை நாடு முழுவதற்கும் நீக்கப்பட்டது 2007 ஆம் ஆண்டில்தான். இவ்வாறெல்லாம் நாட்டின் பல பாகங்களிலும் மான் பெருகிற்று.

நாரா மாகாணத்தின் தென்கிழக்கு எல்லையிலுள்ள ஓடாய்கஹாரா மலையில் நடந்ததைக் கேளுங்கள். 1959 ஆம் ஆண்டு வீசிய பெருஞ்சூறாவளியில் அங்கிருந்த ஊசியிலை மரங்கள் பல விழுந்தன. வெளிச்சம் புகுந்ததால் நிலத்துப் பாசி காய்ந்து, குட்டை மூங்கில் பரவியது. மூங்கிலைத் தின்று மான் பெருகியது. பெருகிய மான் நாற்றுக்களைத் தின்றும் பட்டையை உரித்தும் எஞ்சிய மரங்களையும் சாகடித்தது. காடாயிருந்த பல இடங்களில் இன்று வெளுத்த அடிமரங்கள் மாத்திரமே நிற்கின்றன. மான்மேல் மட்டும் பழிபோட முடியாது. சூறாவளி தொடக்கிவைத்தது, காவற்காரனாகிய ஓநாய் முன்னரே இல்லாமற் போயிருந்தது. பல காரணங்கள் சேர்ந்த இடத்தில் மானின் பசி கடைசிக் காரணமாயிற்று.

‘இயற்கை தானே பார்த்துக்கொள்ளும்’

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. மனிதன் தலையிடாதிருந்தால் இயற்கை தானே சமநிலைக்கு வரும், எண்ணிக்கை பார்க்க நாம் யார் என்று நல்லவர்கள் பலர் கேட்பர். பணிவு நிறைந்த கேள்விதான். அதற்கு விடைதேட ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கைபாப் மேட்டுநிலத்தைப் பார்க்கலாம்.

1906 ஆம் ஆண்டில் சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவ்விடத்தை மான்களுக்கான காப்பிடமாக அறிவித்தார். மான்வேட்டை தடைசெய்யப்பட்டது. மானைக் காப்பதற்கென்றே அரசாங்க வேட்டைக்காரர்கள் மலைச்சிங்கங்களை நூற்றுக்கணக்கிலும், நரியினத்துக் கொயோட்டிகளை ஆயிரக்கணக்கிலும் கொன்றார்கள். ஓநாய்கள் அடியோடு ஒழிந்தன. அங்கு மேய்ந்த செம்மறிகளும் மாடுகளும் குறைக்கப்பட்டன. சில ஆயிரங்களாக இருந்த மான்கள் பல்லாயிரங்களாகப் பெருகின. எட்டிய இலையெல்லாம் தீர்ந்தது. 1924 ஆம் ஆண்டு மார்கழியில் நூறு பேரளவில் மணியடித்தும் கூச்சலிட்டும் மான்களை வேறிடத்துக்கு ஓட்டிச்செல்ல முயன்றார்கள். பனிப்புயலில் அம்முயற்சி குலைந்து ஒரு மானும் போய்ச்சேரவில்லை. அந்த மாரியிலும் அடுத்த மாரியிலும் மான்கள் பட்டினியால் கூட்டங்கூட்டமாக மடிந்தன.

ஆம், இயற்கை தானே பார்த்துக்கொண்டது. பட்டினியால் பார்த்துக்கொண்டது. தாய்மானின் மடி வற்றிக் குட்டி சாவதும் ஒரு ‘சமநிலை’தான். ஓநாயைக் கொன்றவன் மனிதன். கொன்றுவிட்டு, ‘இனி நான் தலையிடேன்’ என்று அவன் ஒதுங்குவது, வாய்க்காலை மறித்துவிட்டு வெள்ளம் வந்தால் விதி என்று சொல்வதை ஒக்கும்.

கைபாப்பில் இன்னொரு பாடமும் உண்டு. அங்கே மான்கள் ஓர் இலட்சம்வரை பெருகினவென்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதின. 1970 ஆம் ஆண்டளவில் விஞ்ஞானிகள் அத்தொகையின் ஆதாரத்தைக் கேட்டபோது, அது ஒருவரது மதிப்பீடே அன்றி எண்ணிய கணக்கல்ல என்பது வெளிப்பட்டது. பின்னர் மரங்களின் வளையங்களை எண்ணிப் பார்த்து, அந்த ஆண்டுகளில் இளமரங்கள் எழும்பவில்லை என்பதைக் கண்டு, மான்பெருக்கம் உண்மையே என்றார்கள். அரசாங்க அலுவலகங்களில் பேரேடுகளோடு காலங்கழித்தவன் என்ற முறையில் இது என் மனத்தைத் தொட்டது. உயிர்களின் மேல் தீர்ப்பெழுதுமுன் கணக்குச் சரியாயிருக்க வேண்டும். மானை மட்டும் எண்ணினாலும் போதாது, நாற்றையும் எண்ண வேண்டும். வரவை எழுதிச் செலவை எழுதாத புத்தகத்தை எந்தக் கணக்காய்வாளரும் ஏற்கமாட்டார்.

என்னென்ன வழிகள் உண்டு?

கொல்லாமலே தீர்க்க முடியாதா என்பதே நல்லவர் மனத்தில் எழும் அடுத்த வினா. வழிகள் சில உள. ஒவ்வொன்றையும் நேர்மையாகப் பார்ப்போம்.

முதலாவது வேலி. கசுகாயாமாவிலும் ஓடாய்கஹாராவிலும் காட்டின் சில பகுதிகளை வலைவேலியால் அடைத்திருக்கிறார்கள். உள்ளே நாற்றுக்கள் தலையெடுக்கின்றன. எமது அலம்பல் அடைப்பின் பெரிய வடிவமே இது. உயிர்ச்சேதமற்ற வழியாதலின் இதுவே முதலில் நாடத்தக்கது. ஆனால் மலை முழுவதையும் அடைக்க முடியாது. விழும் மரமும் சரியும் மண்ணும் வேலியை உடைக்கும். ஆண்டாண்டாகப் பராமரிக்க ஆளும் பணமும் வேண்டும்.

இரண்டாவது, பிடித்து அடைத்து வைத்தல். வாழ்நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான மான்களை அடைத்துத் தீனிபோடுவது எளிதல்ல. நாராவிலேயே, பயிரை அழித்தமைக்காகவும் மனிதரைத் தாக்கியமைக்காகவும் பிடித்து அடைக்கப்பட்ட மான்களின் உணவும் உடல்நிலையும் போதாதவை என்று 2023 ஆம் ஆண்டில் பெரும் விவாதம் எழுந்தது. கொல்லவில்லை என்ற திருப்தி எமக்கு இருக்கலாம். மெலிந்த மானுக்கு அது என்ன ஆறுதல்?

மூன்றாவது, கருத்தடை மருந்து. தீவுகளிலும் அடைப்புள்ள சிறு இடங்களிலும் இது பயன்தந்திருக்கிறது. பெருங்காட்டில் ஒவ்வொரு பெண்மானையும் தேடிப்பிடித்து மருந்தேற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாது.

நான்காவது, காவற்காரனைத் திருப்பி அழைத்தல். அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில் 1926 ஆம் ஆண்டளவில் ஒழிக்கப்பட்ட ஓநாயை, 1995, 1996 ஆம் ஆண்டுகளில் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். மொத்தம் 31 ஓநாய்கள். அங்குள்ள பெரிய இன மான்களாகிய எல்க் குறைந்தன. சில ஆற்றங்கரைகளில் மரங்கள் மீண்டும் உயர்ந்தன. அதில் ஓநாயின் பங்கு எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் வாதம் உண்டு. நாராவிலோ அந்த வழியும் இல்லை. அவ்வின ஓநாய் உலகில் எங்கும் இல்லை.

ஐந்தாவது, குறிப்பிட்ட தொகையைக் கொல்லுதல். யப்பான் அரசு 2013 ஆம் ஆண்டில், பத்தாண்டுகளில் மானையும் காட்டுப்பன்றியையும் பாதியாகக் குறைப்பதெனத் தீர்மானித்தது. இலக்கு எட்டப்படாமையால் அது 2028 வரை நீட்டப்பட்டது. நாராவில் 1979 ஆம் ஆண்டளவில் சுற்றுப்புற விவசாயிகள், புனித மான்கள் தம் பயிரை அழிப்பதற்கு இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போனார்கள். 1985 ஆம் ஆண்டில் சமரசம் ஏற்பட்டது. பின்னர் நிலம் நான்கு வலயங்களாக வகுக்கப்பட்டது. கோயிலும் பூங்காவும் உள்ள நடுப்பகுதியில் மான் தொடப்படாது. தொலைவிலுள்ள வெளிவலயத்தில், 2017 ஆம் ஆண்டு தொடக்கம், ஆண்டுக்கு இத்தனைதான் என்ற வரம்போடு மான்கள் பிடித்துக் கொல்லப்படுகின்றன. ஆரம்பத்தில் அந்த வரம்பு 120. ஊரவர் பலர் இதனை மனவருத்தத்தோடுதான் ஏற்றார்கள்.

இரக்கத்தின் விலையை யார் கொடுப்பது?

அந்த விவசாயிகளின் வழக்கு ஓர் ஆழ்ந்த உண்மையைக் காட்டுகிறது. பூங்காவுக்கு வருபவர் மானுக்குத் தீனி கொடுத்து மனமகிழ்ந்து வீடு செல்கிறார். இரவிலே அந்த மான் எவருடைய வயலுக்குள் இறங்குகிறதோ, அவரே அந்த மகிழ்ச்சிக்கு விலை கொடுக்கிறார். அடுத்தவன் வயலிலிருந்து அள்ளிச் செய்யும் தானம் தானமாகாது. அதுபோலவே, பிறர் தலையில் செலவை ஏற்றும் இரக்கம் முழுமையான இரக்கமாகாது. காட்டு நாற்றுக்கும் பற்றைக்குருவிக்கும் இனிப் பிறக்கப்போகும் மான்குட்டிக்கும் நீதிமன்றம் போக வழியில்லை என்பதே விவசாயிக்கும் அவற்றுக்கும் உள்ள வேறுபாடு.

அப்படியாயின் கொலை சரியா? கொலை கொலையே என்பது என் கருத்து. காட்டுக்காகச் செய்தாலும் அதைப் புண்ணியம் என்று சொல்லும் உரிமை எவருக்குமில்லை. ஓநாய் மானைக் கொன்றால் அதற்குப் பாவமில்லை, அது அதன் இயல்பு. மனிதன் அந்தப் பிராணியை ஒழித்து அதன் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். வேலையோடு பழியும் அவன் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பழியிலிருந்து தப்ப, ‘நான் ஒன்றும் செய்யமாட்டேன்’ என்று சொன்னாலும் பயனில்லை. ஒன்றும் செய்யாதிருப்பதும் ஒரு செய்கையே. கத்தி பிடிக்காத கையாலும் ஒரு காடு சாகலாம்.

ஆகவே நேர்மையான வழி ஒன்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதலில் எண்ண வேண்டும். பின் வேலி, காவல், இழப்பீடு ஆகிய உயிர்ச்சேதமற்ற வழிகளை முற்றாக முயன்று பார்க்க வேண்டும். அவை போதாத இடத்தில், மிகக் குறைந்த அளவில், பொறுப்பேற்ற கைகளால், வேட்டையின்பத்துக்காகவோ இறைச்சிச் சந்தைக்காகவோ அல்லாமல், கணக்கு வைத்துச் செய்ய வேண்டும். அதைச் செய்பவனைக் கொலைகாரன் என்று ஏசுவதற்கு முன், வேலி கட்டுவதற்கும் இரவுக்காவல் நிற்பதற்கும் நாம் போவோமா என்று எம்மையே கேட்க வேண்டும். போவோமாயின் கொல்லாதே என்று சொல்லும் உரிமை எமக்கு உண்டு. போகமாட்டோமாயின், எமது கொல்லாமை எமக்கு எந்தச் செலவும் வைக்காத கொல்லாமை. அதற்கு மதிப்பு அதிகமில்லை.

அமெரிக்கக் காட்டு அதிகாரியாகப் பணிபுரிந்த ஆல்டோ லியோபோல்ட் என்பவர் இளமையில், மான் பெருகுவது நன்மை என்று எண்ணி ஓநாய்களைச் சுட்டவர். கொன்றுண்ணிகளை ஒழிக்க வேண்டுமென்று வாதாடியவர். ஓநாய் போன மலைகளில் செடியும் மரமும் மானின் வாயில் அழிவதைக் கண்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1949 இல் வெளிவந்த அவரது நூல் இதனைச் சொல்கிறது. மனிதன் தனி உயிருக்கு மட்டுமன்றி, மண்ணும் நீரும் செடியும் விலங்கும் சேர்ந்த முழுச் சமூகத்துக்கும் கடமைப்பட்டவன் என்பது அவர் வந்தடைந்த முடிவு.

எமது நாட்டில்

இவை தூரதேசத்துச் செய்திகள்தாமே என்று எண்ண வேண்டாம். திருகோணமலையில் கோட்டைக்குள்ளும் கோணேசர் ஆலயத்துக்குப் போகும் வழியிலும் புள்ளிமான்கள் திரிவதை அடியார்கள் கண்டிருப்பீர்கள். கண்டவுடன் வாழைப்பழமும் பாணும் நீட்டுகிறோம். சுற்றிய பொலித்தீனையும் அங்கேயே போட்டுவிட்டு வருகிறோம். மான் அதையும் தின்கிறது. கையால் ஊட்டுவதுதான் அன்பு என்றில்லை. பொலித்தீனைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவருவதும், காட்டு உயிருக்கு மனிதத் தீனியைப் பழக்காமல் விடுவதும் மேலான அன்பு. ஆனால் அவை புகைப்படத்துக்கு அழகாயிரா.

எமது காடுகளில் மானின் அளவைக் காக்கும் காவற்காரன் சிறுத்தை. யப்பானியர் இழந்ததை நாம் இன்னும் இழக்கவில்லை. ஆனால் 2018 ஆம் ஆண்டு ஆனியில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்து சிலரைக் காயப்படுத்திய சிறுத்தை அடித்துக் கொல்லப்பட்டது. 2020 ஆம் ஆண்டு நல்லதண்ணியில் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை சிகிச்சை பலனின்றி இறந்தது. காயப்பட்டவரின் அச்சத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. தம் பிள்ளைகள் நடமாடும் ஊரில் சிறுத்தையைக் கண்டவர் பதறாமல் இருக்க முடியாது. ஆயினும், அழகிய மானுக்கு இரங்குவதும் அச்சந்தரும் சிறுத்தையை வெறுப்பதும் ஒரே இரக்கக்குறைவின் இரு பக்கங்கள் என்பதை மறுக்க முடியுமா? கண்ணுக்கு இனியதிடம் மட்டும் செல்லும் இரக்கம் எமது விருப்பத்துக்கு நாம் இட்ட நல்ல பெயராகிவிடும்.

சிவபெருமான் திருவுருவத்தை நாம் நாள்தோறும் வணங்குகிறோம். ஒரு திருக்கரத்தில் மான், அரையில் புலித்தோல். தாருகாவனத்து முனிவர்கள் ஏவிய இரண்டையும் பெருமான் தம்மிடத்திலேயே ஏற்றுக்கொண்டார் என்று புராணம் கூறும். மானைத் தாங்கிய கரத்தை மட்டும் பார்த்துக் கும்பிடுவோர் பாதி உருவத்தையே கும்பிடுகின்றனர். மானும் புலியும் அவை வாழும் வனமும் சேர்ந்ததே அவன் படைப்பு.

இரக்கத்துக்குக் கண் இரண்டு வேண்டும். ஒரு கண் முன்னே நிற்கும் உயிரைப் பார்க்க, மற்றையது இன்னும் முளைக்காத விதையையும் பிறக்காத குட்டியையும் பார்க்க. இரண்டையும் திறந்து பார்த்தபின் எடுக்கும் முடிவு வேதனை தரும். எவ்வளவு யோசித்தாலும் அந்த வேதனை முற்றாக நீங்காது. அது நீங்காதிருப்பதே நல்லது என்று நான் எண்ணுகிறேன். வேதனையின்றி மானைச் சுடுபவனிடமும், வேதனையின்றிக் காட்டைச் சாகவிடுபவனிடமும் எதையும் ஒப்படைக்க முடியாது. இரண்டுக்காகவும் வருந்தத் தெரிந்தவனிடமே மானையும் காட்டையும் நம்பி ஒப்படைக்கலாம் என்பது அடியேனின் தாழ்மையான கருத்து.